கல்யாணம் இல்லாவிட்டால் பிள்ளைக்கு வயிறு இல்லையா?

(சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம், கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்த ஓர் ஆணும் பெண்ணும், பிள்ளை பெற்ற பிறகு பிரிந்துவிட்டால் யார் யாருக்கு என்ன கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதாகும். இதை நோட்டீசில் கண்டவுடன் சிலர், "இதென்ன மேடையில் பேசுகிற பேச்சா?" என்று முகம் சுளித்ததாகக் கேள்விப்பட்டேன். அப்படிச் சுளித்தவர்களில் இரண்டொருவர் இப்போது பந்தலின் ஓரத்தில் நிற்பதையும் பார்க்கிறேன். (சிரிப்பு) வந்தவரைக்கும் சந்தோஷம். வெட்கப்பட வேண்டிய காரியம் மேடையில் பேசுவதல்ல. பெற்ற பிள்ளைக்குச் சோறு போடாமல் ஓடுவதுதான் என்பதை அவர்களும் ஒப்புக்கொள்வார்கள் என்றே நம்புகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சேர்ந்து வாழ்வது சரியா, தப்பா என்கிற தர்க்கத்திற்கு நான் இன்று வரவில்லை. வயது வந்த ஓர் ஆணும் பெண்ணும் கல்யாணமில்லாமல் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்று, நடிகை குஷ்பு அவர்கள் மீது போடப்பட்ட பிராதுகளைத் தள்ளியபோது, 2010-ல் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. குற்றமல்லாத காரியத்தைச் செய்தவர்களைப் பற்றி ஊரார் என்ன நினைக்கிறார்கள் என்பது ஊராரின் சொந்த விஷயம். ஆனால் அப்படி வாழ்ந்ததில் ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், அது இரண்டு பேருடைய சொந்த விஷயமாக இருந்தது போய், மூன்றாவது ஆள் ஒருவருடைய விஷயமாகவும் ஆகிவிடுகிறது. அந்த மூன்றாவது ஆளுக்கு வாய் பேசத் தெரியாது. பசிக்க மாத்திரம் தெரியும்.

நம் பக்கத்தில் சாதாரணமாய் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். பனியன் கம்பெனியில் வேலை செய்ய ஒரு ஜில்லாவிலிருந்து ஆண் வருகிறான். வேறொரு ஜில்லாவிலிருந்து பெண் வருகிறாள். ஜாதி வேறு. ஊருக்குச் சொன்னால் வெட்டுக் குத்தில் முடியும் என்று பயந்து, அட்வான்ஸ் கொடுத்து ஓர் அறை பிடித்து, இருவர் சம்பளத்திலும் அரிசி வாங்கிக் குடும்பம் நடத்துகிறார்கள். வீட்டுக்காரரிடம் "புருஷன் பெண்ஜாதி" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை பிறக்கிறது. ஐந்தாறு வருஷம் ஆகிறது. ஒரு நாள் ஊரிலிருந்து ஆள் வந்து, தாய்க்கு உடம்பு சரியில்லை என்று அவனை அழைத்துப்போகிறார்கள். போன இடத்தில் தாய் நன்றாகத்தான் இருக்கிறாள். மாமன் மகள் ஜாதகமும் இருபது பவுனும் தயாராய் இருக்கின்றன. பையனுக்குத் திடீரென்று, தான் இன்னமும் பிரமச்சாரி என்கிற ஞானம் உதயமாகிவிடுகிறது! (சிரிப்பு)

அதற்கப்புறம் ஒரு பஞ்சாயத்து கூடும். நாலு பெரிய மனிதர்கள் கூடி, "ஆனது ஆச்சு, பெண்ணுக்கு ஏதாவது பார்த்துச் செய்துவிடலாம்" என்று சொல்லி, ஐம்பதாயிரம் ரூபாயை அவள் கையில் வைத்து, ஒரு முத்திரைத்தாளை நீட்டுவார்கள். அதில், "இன்று முதல் எனக்கும் என் பிள்ளைக்கும் மேற்படியார் மீது யாதொரு பாத்தியதையும் இல்லை, இனி ஜீவனாம்சம் கேட்கமாட்டேன்" என்று எழுதியிருக்கும். அவள் கையெழுத்துப் போடுவாள். பெரிய மனிதர்கள் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

தோழர்களே! இந்த ஐம்பதாயிரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு வயது நாலு. பதினெட்டு ஆவதற்கு இன்னும் 14 வருஷம், அதாவது 168 மாதம். மாதத்திற்கு 300 ரூபாய்கூட ஆகவில்லை. நாளைக்குப் பத்து ரூபாய்க்குள் அடங்குகிறது. அந்தப் பெரிய மனிதர்கள் அன்று சாப்பிட்ட ஒரு டம்ளர் காப்பியின் விலை அதைவிட அதிகம். இதற்குப் பெயர் நியாயம்!

அந்த முத்திரைத்தாளின் யோக்கியதை என்ன என்றால், பிள்ளையைப் பொறுத்தவரையில் அது வெறும் காகிதம். ஜீவனாம்சம் பெறும் உரிமை பிள்ளையுடையது. தாயினுடையது அல்ல. தன்னுடையதல்லாத ஒன்றைத் தாய் விற்கவும் முடியாது, விட்டுக்கொடுக்கவும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தை நான் உங்களுக்கு எழுதிக் கொடுத்தால் செல்லுமா? சட்டப்படியான ஜீவனாம்சத்தைக் கேட்கமாட்டேன் என்று எழுதி வாங்குவதைப் பொதுநலத்திற்கு விரோதமானதென்று கோர்ட்டுகள் பலமுறை ஒதுக்கித் தள்ளியிருக்கின்றன. ஆகையால் இந்தக் கூட்டத்தில் அப்படிக் கையெழுத்துப் போட்ட சகோதரி யாராவது இருந்தால், "நான்தான் எழுதிக் கொடுத்துவிட்டேனே" என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். வாங்கிய ஐம்பதாயிரத்தைக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொன்னால் சொல்லட்டும். மீதியைக் கேட்கிற வழி மூடிப்போகவில்லை.

நிற்க, இனிச் சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். நான் வக்கீல் அல்ல. பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவன். ஆனால் சட்டப் புத்தகம் வேதமல்லவே, நாம் படித்தால் காதில் ஈயம் ஊற்றுவதற்கு! யாரும் வாங்கலாம், யாரும் படிக்கலாம். படித்துப் பார்த்ததில் தெரிந்ததைச் சொல்லுகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில், 1898-ம் வருஷத்துக் கிரிமினல் புரோசீஜர் கோடில் 488-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. சம்பாதிக்கச் சக்தியுள்ளவன் தன் மனைவியையோ, தன் பிள்ளையையோ காப்பாற்ற மறுத்தால் மாஜிஸ்திரேட் மாதப்பணம் கட்டச் சொல்லலாம் என்பது அது. அதில் பிள்ளை என்பதற்கு, கல்யாணத்தில் பிறந்ததானாலும் சரி, கல்யாணமில்லாமல் பிறந்ததானாலும் சரி என்றே எழுதியிருந்தது. வெள்ளைக்காரனுக்கு நம் பிள்ளைகள்மேல் அவ்வளவு அன்பு என்று நினைத்துவிடாதீர்கள். கைவிடப்பட்டவர்கள் தெருவில் அலைந்தால் சர்க்காருக்குத் தொல்லை என்பதுதான் அதன் உள்நோக்கம். எந்த நோக்கமானாலும் காரியம் நல்ல காரியம். அதே பிரிவு 1973-ம் வருஷத்துக் கோடில் 125-வது பிரிவாயிற்று. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று தமிழன் வாயில் நுழையாத ஒரு பெயரில் வந்திருக்கிற சட்டத்தில் அது 144-வது பிரிவாக இருக்கிறது. பெயர் நுழையாவிட்டாலும் 144 என்ற எண் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். கூட்டம் போடக்கூடாதென்று தடுத்த பழைய 144 வேறு; இது சோறு போடச் சொல்லுகிற 144. (சிரிப்பு)

இந்தப் பிரிவுக்கு மதம் கிடையாது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், ஒன்றுமில்லை என்று சொல்லுகிற நம்மைப் போன்றவர்கள் எல்லோருக்கும் பொது. "கல்யாணச் சர்ட்டிபிகேட் எங்கே?" என்று பிள்ளையைக் கேட்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இல்லை. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இவன் இதற்குத் தகப்பனா, இல்லையா என்பது. அன்றியும், ஓடிப்போனவன் எந்த ஊரில் இருக்கிறானோ அந்த ஊருக்குத் தேடிக்கொண்டு போக வேண்டியதும் இல்லை. கல்யாணமில்லாமல் பிறந்த பிள்ளையின் தாயோடு அவன் கடைசியாய் எங்கே குடியிருந்தானோ அந்த ஊர்க் கோர்ட்டிலேயே மனுக் கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

"அது என் பிள்ளையே அல்ல" என்று சொன்னால் என்ன செய்வது என்று ஒரு சகோதரி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். கோர்ட்டுக்கு வருகிற ஆண்களில் அநேகர் முதலில் சொல்லுகிற வார்த்தை அதுதான். நேற்றுவரை பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவன், சம்மன் வந்தவுடன் பிள்ளையின் மூக்கைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறான். இதற்கு ஜாதகமும் உதவாது, சகுனமும் உதவாது. டி.என்.ஏ. பரிசோதனை உதவும். உத்தரப் பிரதேசத்தில் முதல் மந்திரியாய் இருந்த என்.டி. திவாரி அவர்கள், தன் மகனென்று வழக்குப் போட்ட இளைஞரை ஒப்புக்கொள்ள மறுத்து, இரத்தம் கொடுக்கவும் மறுத்து, எத்தனையோ வருஷம் தட்டிக் கழித்தார். கடைசியில் 2012-ல் கோர்ட் உத்தரவின்பேரில் இரத்தம் எடுக்கப்பட்டு, அவரே தகப்பன் என்று தெரிந்தது. முதல் மந்திரிக்கே அந்தக் கதி என்றால் கட்டிங் மாஸ்டருக்குச் சொல்ல வேண்டுமா? ஆனால் கோர்ட் கேட்ட மாத்திரத்தில் பரிசோதனைக்கு உத்தரவிடாது. மற்ற சாட்சியம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கும். ஆகவே பிறப்புச் சர்ட்டிபிகேட்டில் தகப்பன் பெயர், பிரசவ ஆஸ்பத்திரியில் அவன் போட்ட கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்த காகிதம், வாடகைச் சீட்டு, போனில் எடுத்த படங்கள் ஆகியவைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கோபம் வந்த நாளில் படங்களையெல்லாம் அழித்துவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். அழித்தால் லாபம் அவனுக்குத்தான்.

எவ்வளவு கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. 1898-ல் மாதம் 50 ரூபாய்க்கு மேல் போகக்கூடாதென்று வரம்பு வைத்தார்கள். 1923-ல் அதை 100 ஆக்கினார்கள். 1955-ல் 500 ஆக்கினார்கள். சில மாகாணங்கள் தாங்களாகவே உயர்த்திக்கொண்டதைத் தவிர, 2001 வரையில் அந்த 500 அப்படியே நின்றது. அரிசி விலை ஏறியது, மந்திரிகள் சம்பளம் ஏறியது, கைவிடப்பட்ட பிள்ளையின் 500 மாத்திரம் 46 வருஷம் அசையவில்லை! 2001-ல்தான் அந்த வரம்பை எடுத்தார்கள். இப்போது தகப்பனின் வரும்படிக்கும் பிள்ளையின் தேவைக்கும் தக்கபடி மாஜிஸ்திரேட் நியாயமென்று நினைக்கிற தொகையைப் போடலாம். வழக்கு நடக்கும்போதே இடைக்காலப் பணத்தையும் கூடியவரையில் 60 நாளைக்குள் முடிவு செய்யவேண்டும் என்றிருக்கிறது. 2020-ல் உச்சநீதிமன்றம், இரு தரப்பாரும் தங்கள் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தரவேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனுக் கொடுத்த தேதியிலிருந்தே கணக்காக வேண்டும் என்றும் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகையால் வாய்தா வாங்கி வாங்கி இழுத்தால் பாக்கி குறையாது, ஏறும்.

கட்டாவிட்டால் வாரண்டு உண்டு. ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. "ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தேன், கடன் தீர்ந்தது" என்றும் சொல்ல முடியாது. சிறை என்பது வசூல் செய்கிற வழியே தவிர, கடனைத் தீர்க்கிற வழியல்ல என்று உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதில் ஒரு சங்கதியைப் பெண்கள் கட்டாயம் ஞாபகம் வைக்கவேண்டும். பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருஷத்திற்குள் வசூலுக்கு மனுக் கொடுக்கவேண்டும். "அடுத்த தீபாவளிக்குத் தருகிறேன்" என்று இரண்டு தீபாவளியை அவன் தள்ளிவிட்டால், பழைய பாக்கி அந்த வழியில் கைநழுவிவிடும்.

இவ்வளவும் பிள்ளையின் கடன். இதில் சட்டம் ஏறக்குறையச் சரியாகவே இருக்கிறது. ஆனால் இதைப் பார்த்து, "ஆஹா, நம் முன்னோர் தர்மம்" என்று யாராவது புறப்பட்டால், அவருக்கும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நம் முன்னோர் தர்மம் என்று சொல்லப்படுகிற மிதாட்சரம் என்ன சொல்லிற்று? வைப்பாக இருந்தவளுக்குப் பிறந்த மகன் விஷயத்தில், தகப்பன் சூத்திரனானால் மகனுக்குச் சொத்தில் பங்கு உண்டு. தகப்பன் மேல்மூன்று வருணத்தானானால் பங்கு கிடையாது, வெறும் பிழைப்புச் சோறுதான். ஏன் இந்த வித்தியாசம்? சூத்திரன் கல்யாணத்திற்கும் வைப்புக்கும் பெரிய பேதமில்லை என்கிற இளக்காரந்தான். மகளைப் பற்றியோ பேச்சே இல்லை. கல்யாணமில்லாமல் பிறந்த பெண்பிள்ளைக்கு அந்தத் தர்மத்தில் சோறுகூடக் கிடையாது. வெள்ளைக்காரனுடைய 488-ஐத்தான் அவள் தேடிப்போகவேண்டும். 1956-ல் வந்த இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தில்தான், எந்த வருணமானாலும், மகனானாலும் மகளானாலும், கல்யாணத்தில் பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் தாய் தகப்பன் இருவரும் காப்பாற்றக் கடமைப்பட்டவர்கள் என்று எழுதினார்கள்.

இதில் நம் இயக்கத்தாருக்கு ஒரு சொந்த சம்பந்தமும் உண்டு. 1929-ல் செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மகாநாடு கூடிற்று. அந்தக் காலத்திலிருந்து புரோகிதனும் ஓமமும் இல்லாமல், நாலு பேர் அறிய ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டு நடந்த கல்யாணங்கள் எத்தனை எத்தனை! அவர்களெல்லாம் யோக்கியமாகக் குடும்பம் நடத்தினார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் யார்? 1953-ல் சென்னை ஐகோர்ட், சுயமரியாதை முறையில் நடந்தது கல்யாணமே அல்ல என்று தீர்ப்பளித்துவிட்டது. தீயைச் சுற்றவில்லை, ஏழடி நடக்கவில்லை, ஆகையால் அவள் பெண்ஜாதி அல்ல. அவள் பெற்ற பிள்ளை முறையாய்ப் பிறந்த பிள்ளை அல்ல! 1967-ல் அண்ணா அவர்கள் முதல் மந்திரியாக இருந்து கொண்டுவந்த திருத்தம், 7-ஏ என்ற பிரிவாக, முன்னால் நடந்தவைகளுக்கும் சேர்த்துச் செல்லும்படி செய்யப்பட்ட பிறகுதான் அந்தப் பழி நீங்கிற்று. அதுவரை ஏறக்குறைய நாற்பது வருஷம் நம்முடைய தாய்மார்கள் சட்டத்தின் முன்னால் "சேர்ந்து வாழ்ந்தவர்கள்"தான். அப்படிப்பட்ட குடும்பங்களில் வந்தவர்களே இன்று ஒரு பனியன் கம்பெனிப் பெண்ணைப் பார்த்து, "தாலி இல்லாதவளுக்கு என்ன உரிமை?" என்று கேட்டால், அதைக் கேட்க எனக்கு மிகவும் கசப்பாக இருக்கிறது.

இனி, பெண்ணுடைய கடன் என்ன? இங்கேதான் சட்டம் நொண்டுகிறது. பிள்ளைக்குக் கல்யாணம் வேண்டாம் என்கிற அதே 144-வது பிரிவு, பெண்ணுக்கு மாத்திரம் "மனைவி"யாக இருக்கவேண்டும் என்கிறது. நீண்ட காலம் புருஷன் பெண்ஜாதியாக ஊரறிய வாழ்ந்தால் கல்யாணம் ஆனதாகவே அனுமானிக்கலாம் என்பது பழைய விதி. பிரிவி கவுன்சில் 1927-ல் இலங்கையிலிருந்து போன ஒரு வழக்கிலும், 1929-ல் மற்றொரு வழக்கிலும் அப்படியே சொல்லிற்று. 2022-ல் கேரளத்திலிருந்து வந்த ஒரு சொத்து வழக்கில் உச்சநீதிமன்றமும் அதையே எடுத்துச் சொன்னது. அந்த வழி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கல்யாணத்தைப் போன்ற உறவில் ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்ணும் அதில் மனுக் கொடுக்கலாம். மாதப்பணம், குடியிருந்த வீட்டிலேயே இருக்கும் பாதுகாப்பு, நஷ்டஈடு எல்லாம் கேட்கலாம். வன்முறை என்றால் அடிதடி மாத்திரமல்ல. வாடகை கட்டாமல், செலவுக்குக் கொடுக்காமல் தவிக்கவிடுவதும் வன்முறை என்று அந்தச் சட்டமே சொல்லுகிறது. இன்னொரு நல்ல ஏற்பாடும் அதில் உண்டு. பணத்தை அவன் கையால் கொடுக்கட்டும் என்று காத்திராமல், அவன் வேலை செய்கிற கம்பெனி முதலாளியே சம்பளத்தில் பிடித்து அவளுக்குச் செலுத்தும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம்.

ஆனால் "கல்யாணத்தைப் போன்ற உறவு" என்றால் எது? கோயமுத்தூர் குடும்பக் கோர்ட்டில் 500 ரூபாய் ஜீவனாம்சத்திற்காக ஆரம்பித்த ஒரு வழக்கில், 2010-ல் உச்சநீதிமன்றம் இதற்கு இலக்கணம் சொல்லிற்று: இருவரும் ஊரார் முன் புருஷன் பெண்ஜாதி போல நடந்திருக்க வேண்டும்; இருவரும் கல்யாண வயதினராகவும், வேறு கல்யாணம் இல்லாதவர்களாகவும் இருக்கவேண்டும்; கணிசமான காலம் இஷ்டப்பட்டுச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பதாக. அதே தீர்ப்பில், பணம் கொடுத்து வைத்துக்கொள்ளப்பட்ட பெண்ணுக்கு இது பொருந்தாது என்பதைச் சொல்ல, "வைப்பு" என்ற அர்த்தத்தில் ஓர் ஆங்கில வார்த்தையையும் பிரயோகித்தார்கள். சர்க்கார் தரப்புப் பெரிய வக்கீல்களில் ஒருவராயிருந்த இந்திரா ஜெய்சிங் அம்மையார் அந்த வார்த்தையைக் கண்டித்தார். கண்டித்தது நியாயமே. பெண்ணுக்கு "வைப்பு" என்று பெயர் வைக்கத் தெரிந்த உலகம், வைத்துக்கொண்டவனுக்கு இதுவரை ஒரு பெயரும் வைக்கவில்லை!

இந்த இலக்கணத்தில் எனக்குச் சம்மதமில்லாத இடம் ஒன்றுண்டு. ஏற்கனவே கல்யாணமான ஆணோடு, அது தெரிந்தே ஒரு பெண் வாழ்ந்திருந்தால் அவளுக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று 2013-ல் தீர்ப்பாயிற்று. முதல் மனைவிக்கு நஷ்டம் வரக்கூடாது என்பது நியாயமான கவலைதான்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பலன் என்னவாகிறது? இருவரையும் ஏமாற்றியவன் எவனோ, அவனுடைய கல்யாணமே அவனுக்குக் கவசமாகிவிடுகிறது. இப்படி வருஷக்கணக்கில் வாழ்ந்து கைவிடப்படுகிற பெண்களுக்குப் பார்லிமெண்ட் ஏதாவது வழி செய்யவேண்டும் என்று அந்தத் தீர்ப்பை எழுதியவர்களே எழுதினார்கள். எழுதி எத்தனை வருஷமாயிற்று என்று பார்லிமெண்டைத்தான் கேட்கவேண்டும். முதல் கல்யாணத்தை மறைத்து ஏமாற்றி இரண்டாவதாய்க் கட்டிக்கொண்டவன் விஷயத்தில் மாத்திரம், ஏமாந்தவளுக்கு ஜீவனாம்சம் கொடுக்கத்தான் வேண்டும் என்று அதே 2013-ல் வேறொரு தீர்ப்பு உண்டு. எது எப்படியானாலும் பிள்ளையின் பணத்திற்கு இந்தத் தகராறு எதுவும் தடையல்ல.

மூன்றாவது, இருவரும் சேர்ந்து சேர்த்த தட்டுமுட்டுச் சாமான், அட்வான்ஸ் பணம், சீட்டுப் பணம், அடகில் இருக்கிற நகை ஆகியவைகளின் கதி. இதற்கு நம் நாட்டில் தனிச்சட்டம் இல்லை. சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. அட்வான்ஸ் ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது என்றுதான் போகும். இரண்டு பேர் உழைப்பு, ஒரு பேர் கையெழுத்து! ஆகையால் பெண்களே, அன்பு மிகுதியால், "எல்லாம் அவர் பெயரிலேயே இருக்கட்டும்" என்று சொல்லாதீர்கள். வாடகைச் சீட்டில் உங்கள் பெயரும் இருக்கட்டும். சீட்டை ஆளுக்கொன்றாகப் போடுங்கள். உங்கள் சங்கிலியை அவர் தேவைக்கு அடகு வைத்தால் அடகு ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். அன்பு இருக்கும்போதே ரசீது கேட்டால் அன்பு குறைந்துவிடும் என்கிறவனிடத்தில் முதலிலிருந்தே அன்பு இல்லை.

மற்ற தேசங்களில் எப்படி என்று சிலர் கேட்பீர்கள். ஸ்காத்லாந்தில் 2006-ல் ஒரு சட்டம் செய்தார்கள். கல்யாணமில்லாமல் சேர்ந்து வாழ்ந்து பிரிகிறவர்கள் வீட்டுச் சாமான்களைச் சரிபாதியாய் அனுபவித்ததாகவே வைத்துக்கொள்ளப்படும். பிள்ளை வளர்க்கிற பாரம் ஒருவர் தலையில் விழுந்தால் மற்றவரிடம் அதற்காகப் பணம் கேட்கலாம். பக்கத்திலிருக்கும் இங்கிலாந்தில் பிள்ளைச் செலவு உண்டே தவிர, கூட வாழ்ந்தவளுக்கென்று அப்படி ஓர் உரிமை கிடையாது. ரஷ்யாவின் சங்கதி இன்னும் விசித்திரமானது. 1918-லேயே, கல்யாணமில்லாமல் பிறந்த பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைக்கும் பேதமில்லை என்றார்கள். 1926-ல், பதிவு செய்யாமல் கூடி வாழ்ந்தவர்களுக்கும் ஜீவனாம்ச உரிமை கொடுத்தார்கள். 1936-ல், ஒரு பிள்ளைக்குத் தகப்பன் சம்பளத்தில் கால்பங்கு, இரண்டுக்கு மூன்றிலொரு பங்கு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் பாதி என்று கணக்குச் செய்தார்கள். நல்ல தெளிவான கணக்கு. பேரம் பேச இடமில்லை. ஆனால் 1944-ல், பதிவில்லாத உறவில் பிறந்த பிள்ளைக்காகத் தகப்பனிடம் கேட்கும் உரிமையையே எடுத்துவிட்டு, தாய்க்கு சர்க்கார் உதவிப் பணம் தரும் என்று மாற்றிவிட்டார்கள். இதைத் திருத்த 1968 ஆயிற்று. புரட்சி செய்த சர்க்காராயிருந்தாலும் ஆண்பிள்ளைகளின் சர்க்கார்தானே!

நம் நாட்டிலேயே உத்தராகண்டத்தில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு புதுச்சட்டம் நடப்பிலிருக்கிறது. சேர்ந்து வாழ்கிறவர்களின் பிள்ளை முறையான பிள்ளையே என்றும், கைவிடப்பட்ட பெண் ஜீவனாம்சம் கேட்கலாம் என்றும் அதில் இருக்கிறது. இந்த இரண்டும் நல்லவை. ஆனால் சேர்ந்து வாழ ஆரம்பித்த ஒரு மாதத்திற்குள் சர்க்கார் பதிவாளரிடம் போய் எழுதிவைக்காவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்றும் இருக்கிறது. ஜாதி விட்டு ஜாதி சேர்ந்து, வீட்டாருக்குப் பயந்து ஒளிந்து வாழ்கிற இளைஞர்களின் விலாசத்தை இப்படிக் கேட்டு வாங்குவது யாருக்குப் பயன்படும் என்று யோசியுங்கள். சோறு போடச் செய்வதற்கு, படுக்கையறைக்குள் குமாஸ்தாவை அனுப்ப வேண்டியதில்லை.

ஆண்களுக்கும் சில வார்த்தை சொல்லாவிட்டால் நான் ஒருதலையாய்ப் பேசினவனாவேன். பிள்ளையைக் காப்பாற்றுவது இருவர் கடமை. தாய் நன்றாகச் சம்பாதித்தால் பிள்ளைச் செலவை வரும்படி விகிதப்படி இருவரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று, நான் முன்னே சொன்ன 2020-ம் வருஷத் தீர்ப்பிலேயே இருக்கிறது. தாய் விட்டுப்போய்த் தகப்பன் வளர்க்கிற இடமும் உண்டு. அங்கே 1956-ம் வருஷச் சட்டப்படி தாயும் கடமைப்பட்டவளே. கல்யாணமில்லாமல் பிறந்த பிள்ளைக்கு முதல் கார்டியன் தாய், அவளுக்குப் பின்தான் தகப்பன் என்று இந்து மைனர் சட்டம் சொல்லுகிறது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, பணம் கட்டுகிற தகப்பன் கண்ணில் பிள்ளையைக் காட்டமாட்டேன் என்று சொல்லுகிற பெண்களை நான் ஆதரிக்கவில்லை. அதேபோல், பிள்ளையைக் காட்டவில்லை, ஆகையால் பணமில்லை என்று சொல்லுகிற ஆண்களையும் ஆதரிக்கவில்லை. பிள்ளை என்ன சினிமாக் கொட்டகையா, டிக்கட்டுக்கு ஒரு காட்சி என்று? பார்க்கிற உரிமைக்குத் தனி மனு. சோற்றுக்குத் தனி மனு. கொடுக்கிற பணத்தைக் கையில் கொடுக்காமல் பாங்கு வழியாய்ப் போடுங்கள். நாளைக்கு, கொடுத்தேன் என்பதற்கும் அதுவே சாட்சி. கொடுக்கவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

கடைசியாக வக்கீல் பீஸ் விஷயம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வரும்படி எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தரவேண்டும் என்று 1987-ம் வருஷத்து சட்ட உதவிச் சட்டம் சொல்லுகிறது. தாலுகாக் கோர்ட்டிலும் ஜில்லாக் கோர்ட்டிலும் அதற்கென்று ஆபீஸ் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்லுவார்கள். அங்கே போகக் கூச்சப்படுகிறவர்களுக்காக, கூட்டம் முடிந்ததும் பந்தலின் இடதுபக்கம் போட்டிருக்கிற பெஞ்சில் இரண்டு தோழர்கள் காகிதத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளையின் பிறப்புச் சர்ட்டிபிகேட்டும், அவன் வேலை செய்கிற இடத்தின் பெயரும், கடைசியாய்க் குடியிருந்த வீட்டின் விலாசமும் இருந்தால் போதும், மனுவை எழுதிக் கொடுப்பார்கள். கட்டணம் ஒன்றும் கிடையாது. முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் அந்தக் காகிதத்தின் நகல் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.